வறுத்த ரவை

"உனக்கு இது வராது. மாவைத் தொடுவதற்கு முன்பே நீ தராசைத் தேடுகிறாய்."

போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், பக்கத்து அப்பார்ட்மென்ட்காரி ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரியாவில் இருந்து வந்தவள், என் வயதுதான். அவளுடைய குசினியில் நின்று அவள் மாமூல் என்ற பெருநாள் பிஸ்கட் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெய்யில் ஊறிய ரவைமாவுக்குள் அரைத்த பேரீச்சம்பழத்தை வைத்து மூடி, மர அச்சில் அழுத்தி, அச்சை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். பூப்போட்ட பிஸ்கட் ஒன்று உள்ளங்கையில் விழும். எங்கள் தளத்தில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தட்டு போகும். எத்தனை கிராம் ரவை என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவளும், பல்கலைக்கழகம் போனவளும் நான் ஒருத்திதான். அம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, சண்டையில் இடம்பெயர்ந்தவர். எழுதி வைத்திருந்தால் எதையும் வாசித்துச் செய்துவிடுவேன் என்ற பெருமை எனக்கு இருந்தது.

இந்த வருடம் அவளுடைய குழந்தை இரண்டரை மாதம் முந்திப் பிறந்துவிட்டது. டவுன்ரவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ஒருநாள் பார்க்கப் போனேன். மெஷினில் ஓடிய இலக்கங்களை எனக்கு வாசிக்கத் தெரிந்தது. வாசித்து என்ன செய்வது? அவள் பெட்டியின் துவாரத்துக்குள் கையை விட்டு, குழந்தையின் பாதத்தில் ஒரு விரலை வைத்திருந்தாள்.

"மாமூல் இல்லாமல் எங்கள் வீட்டுக்குப் பெருநாள் வந்ததே இல்லை," என்றாள். எனக்குச் சொன்னாளா குழந்தைக்குச் சொன்னாளா தெரியாது.

"நான் செய்து கொண்டு வாறன்," என்று வாய் முந்திவிட்டது. தமிழில் வந்துவிட்டதால் திரும்ப ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நீயா?" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை. கைப்பையில் இருந்து வீட்டுத் திறப்பை எடுத்துத் தந்து, அச்சு குசினி மேசை லாச்சிக்குள் இருக்கிறது என்றாள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தொடங்கினேன். இணையத்தில் எழுதியிருந்த அளவுப்படி ரவையையும் நெய்யையும் நிறுத்தேன். வாசத்துக்கு விடும் தோடம்பூத் தண்ணீரைக் கரண்டியால் அளந்தேன். இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் பார்த்தால் ரவை கடற்கரை மணல் மாதிரித் தனித்தனியாகக் கிடந்தது. பால் விட்டேன், பிடித்தேன், வெடித்தது. அச்சில் தட்டினால் பாதி அச்சுக்குள்ளேயே நின்றது. ஓவனுக்குள் போன நாலும் தட்டிலேயே உதிர்ந்து, பேரீச்சம்பழம் மட்டும் கறுப்பாகக் கிடந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, திருநீறு மாதிரிக் கிடக்கு?"

"தெரியேல்லையம்மா. எழுதினபடிதான் எல்லாம் போட்டனான்."

"ரவையில பிழை இராது. நீ வாங்கி வைச்சிட்டு வேலைக்குப் போனாப் பிறகு நல்லா வாசம் வருமட்டும் வறுத்துத்தான் ரின்னில போட்டு மூடினனான்."

"ஆரம்மா உங்களை வறுக்கச் சொன்னது?"

"உதுக்கும் ஆரும் சொல்லவேணுமே? வறுக்காட்டிப் புழுப் பிடிக்கும். அதோட அந்தப் பிள்ளை இப்பதான் பெத்த பச்சை உடம்புக்காரி. பச்சை ரவை வயித்துக்குக் கூடாதெல்லே."

வறுத்த ரவை நெய்யைக் குடிக்காது. நான் நிறுத்தபோது அது இலேசாகப் பொன்னிறமாகத்தான் இருந்தது. பிறந்ததில் இருந்து எங்கள் வீட்டு ரின்னுக்குள் பார்த்த நிறம் அதுதான். ரவை என்றால் அந்த நிறம் என்றே நினைத்திருந்தேன். அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "உங்களுக்கு ஒண்டும் தெரியாது!" என்று கத்தினேன்.

அம்மா சிந்தியதைக் கையால் கூட்டினார். பிறகு, "சீனி போட்டு உருண்டை பிடிச்சுத் தரட்டே?" என்றார்.

"அவள் லட்டுக் கேக்கேல்லையம்மா."

பஸ் பிடித்து லோரன்ஸ் தெருப் பிளாசாவில் இருக்கும் அரபுக் கடைக்குப் போய் இன்னொரு பை ரவை வாங்கி வந்தேன். பையை வெட்டும்போது அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்து அவளுடைய மெசேஜ் வந்தது. குழந்தைக்குத் திரும்பவும் மூச்சுக் குழாய் போட்டுவிட்டார்களாம். நாளைக்கு எங்களுக்குப் பெருநாள் இல்லை, நீ ஒன்றும் கொண்டு வராதே என்று எழுதியிருந்தாள்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார். வாசித்துக் காட்டினேன். அம்மா கதிரையை இழுத்து அதில் இருந்தார்.

பதில் எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், அழித்தேன். ஐந்து வருடப் பல்கலைக்கழகம் ஒரு வரியைக்கூடத் தரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

புது ரவை, வறுக்காத ரவை, அந்த மெசேஜ் வருவதற்கு முன்பே நெய்யில் பிசைபட்டு, துணியால் மூடி மேசையில் இருந்தது.