யோகராணி பார்த்த இங்கிலாந்து

1976 ஜூன் மாதம் யோகராணி மெல்பேர்னிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது கல்யாணம் செய்துகொள்ள. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்து, கொழும்பில் இரத்தப் பரிசோதனை வேலை பழகி, விசா கிடைத்ததும் தனியாக விமானம் ஏறி வந்தவள். மெல்பேர்னில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் இரண்டு வருடமாக வேலை. பிரன்ஸ்விக்கில் கோயம்புத்தூர்க்காரி கிரிஜாவோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். கிரிஜாவுக்கு அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவு.

மாப்பிள்ளை இந்திரகுமார் லண்டனில் கணக்காளர் படிப்பு முடித்தவர். இரண்டு வீட்டாரும் பேசி முடித்து ஒன்றரை வருடமாகியிருந்தது, அதுவரை கடிதம்தான். லண்டனில் பதிவுக் கல்யாணம், பிறகு எட்டு நாள் பஸ்ஸில் இங்கிலாந்தைச் சுற்றுவது, பிறகு அவள் திரும்பிவந்து அவருக்கு விசா ஏற்பாடு செய்வது என்று திட்டம். அந்தப் பஸ்ஸில் இரண்டு ஆசனங்களை அவளே மெல்பேர்ன் கொலின்ஸ் தெருவிலிருந்த பயண முகவரிடம் பதிந்திருந்தாள். சிறு வயதிலிருந்து பாடப் புத்தகத்தில் படித்த நாடு. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஸ்லைட் எடுக்கும் கமெரா ஒன்றுகூட வாங்கினாள்.

விமான நிலையத்துக்கு இந்திரகுமார் வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். பயணம் எப்படி என்று கேட்டார். தேநீர்க்கடையில் அவளை இருத்தி, இரண்டு தேத்தண்ணீர் வாங்கிவந்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"யோகராணி, கன நாளா உமக்கு எழுதவேணும் எண்டு நினைச்சனான். எழுத ஏலாமல் போச்சு. நான் பெப்ரவரியிலை கலியாணம் பதிஞ்சிட்டன். என்னோடை வேலை செய்யிற பொம்பிளைப் பிள்ளை. அயர்லாந்து."

"ஓம்," என்றாள் யோகராணி.

"வீட்டுக்கும் இன்னும் சொல்லேல்லை. நீர் என்னைத் திட்டலாம்."

திட்டுவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணீரில் சீனி போடாமல் இருந்தது. சீனியைப் போட்டுக் கலக்கிக் குடித்து முடித்தாள். பிறகு அவர் அவளை லண்டன் டூட்டிங்கில் இராஜேஸ்வரி அன்ரியின் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமலே போனார்.

இராஜேஸ்வரி அன்ரி யோகராணியின் தாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. கல்யாணச் சாப்பாட்டுக்கு நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்ததும் கதிரையில் உட்கார்ந்து அழுதார். யோகராணிதான் குசினிக்குள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பும் விமானத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தேதியை மாற்ற முடியாத டிக்கெட். இரண்டு நாள் வீட்டில் சும்மா இருந்தாள். சொல்லிவைத்த சனமெல்லாம் வந்து எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் அன்ரியே சொன்னார்: "பிள்ளை, அந்த பஸ் பயணத்துக்குப் போட்டு வா. இஞ்ச இருந்தால் வாறவை போறவை எல்லாரும் உன்ரை முகத்தைத்தான் பார்ப்பினம்."

சரி என்று போனாள். போகக்கூடாது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கவில்லை.

லண்டன் விக்டோரியா நிலையத்தில் பஸ் ஏறியபோது வழிகாட்டி டெரிக் கையில் பட்டியலோடு நின்றான். அதில் மிஸ்டர் அண்ட் மிசிஸ் என்று இருந்தது. பயண முகவர் அப்படித்தான் எழுதியிருந்தார்.

"கணவர் எங்கே?" என்று டெரிக் கேட்டான்.

"சுகமில்லை," என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கே தெரியாது. வந்துவிட்டன.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் முன் ஆசனத்தில் மெல்பேர்னுக்குப் பக்கத்துப் பாலரட்டிலிருந்து வந்திருந்த மிசிஸ் கூப்பர் இருந்தார். தன் மாநிலத்துக்காரி இன்னொருத்தி தனியாக வந்திருக்கிறாள், புருஷன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்றதும் அந்த அம்மாள் பஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். காய்ச்சல் என்று யோகராணி சொல்லவேயில்லை. இருந்தும் அன்று மத்தியானமே நாலு பேர் வந்து காய்ச்சல் எத்தனை பாகை என்று விசாரித்தார்கள்.

"நூற்றியிரண்டு," என்றாள்.

அந்தக் கோடையில் இங்கிலாந்தில் மழையே இல்லை. கடும் வெயில். கிரிஜா இரவல் கொடுத்த தடித்த கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு யோகராணி இறங்கினாள், ஏறினாள். ஸ்ரோன்ஹெஞ்சில் கற்கள் நின்றன. சுற்றிலும் புல் மண்ணிறமாகக் கருகிக் கிடந்தது. பாத் நகரத்தில் பச்சைத் தண்ணீர்க் குளம். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு பழைய வீடு, அதற்கு ஒரு வரிசை. எல்லா இடத்திலும் டெரிக் சொன்னதைக் கேட்டாள்; எல்லோரும் படம் எடுத்த இடத்திலேயே நின்று அவளும் எடுத்தாள். அழகாக இருக்கிறதென்று தெரிந்தது. இரசாயனக் குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசிப்பதுபோல அதை வாசித்துக்கொண்டாள். அதற்குமேல் எதுவும் உள்ளே போகவில்லை. பக்கத்து ஆசனத்தில் கோட்டை வைத்தாள். ஏரிகள் இருக்கும் பகுதிக்குப் போனபோது இந்திரகுமாருக்குக் காய்ச்சல் நூறாக இறங்கியிருந்தது. ஏன் இறக்கினாள் என்று கேட்டால், நாலு நாளாகிவிட்டது, மருந்து வேலை செய்திருக்கும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

யோர்க்கில் மிசிஸ் கூப்பர் விடவில்லை. "இன்றைக்காவது அவரோடு பேசிவிடு கண்ணே," என்று சில்லறையைக் கையில் திணித்து, சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்குள் அவளை அனுப்பிவிட்டு வெளியே காவலுக்கு நின்றார். கூண்டுக்குள் வெக்கை தாங்கவில்லை. யோகராணி ரிசீவரைக் காதில் வைத்தாள். எந்த இலக்கத்தையும் சுழற்றவில்லை. உள்ளே 'ங்' என்று ஒரே சத்தம்.

"ஓம்," என்றாள் அதற்குள். "ஓம். சாப்பிட்டன். ஓம். இஞ்சையும் சரியான வெயில். நான் ஞாயிற்றுக்கிழமை வந்திடுவன்."

வெளியே வந்து, எழும்பிக் கஞ்சி குடித்தாராம் என்று சொன்னாள். மிசிஸ் கூப்பர் அவளைக் கட்டிக்கொண்டார். பஸ்ஸுக்குள் எல்லோரும் கை தட்டினார்கள்.

கடைசி நாள் கேம்பிரிட்ஜில் அவளிடம் ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். பூப் படம் போட்டது. சீக்கிரம் முழுதாகக் குணமாக வேண்டும் என்று முப்பத்தொன்பது பேர் கையெழுத்து. டூட்டிங்குக்குத் திரும்பியதும் அதை உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, இந்திரகுமாரின் விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தாள். கோபத்தில் செய்ததல்ல. அவருக்கென்று எழுதியது, அவரிடம் போய்ச் சேரவேண்டும் என்று பட்டது. இரண்டு மாதம் கழித்து, இவர்கள் எல்லாம் யார் என்று கேட்டு அவரிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. அவள் பதில் போடவில்லை.

மெல்பேர்ன் விமான நிலையத்தில் கிரிஜா காத்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே, "என்ன ஆச்சு யோகா?" என்றாள். காரில் வரும்போது யோகராணி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். கிரிஜா ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, இந்திரகுமாரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தாள்.

"நீ அழுதுடு. ஒரு தடவை அழுதுட்டா சரியாப் போயிடும்."

"வரேல்லையே," என்றாள் யோகராணி. உண்மைதான். அழுகை வருமா என்று அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை மெல்பேர்ன் கிளேட்டனில் சிறிதரன் - ரஞ்சினி தம்பதி வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடின. அப்போது எண்ணினால் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கும். யோகராணியின் ஸ்லைடுகளைப் பார்க்கவேண்டும் என்று ரஞ்சினிதான் கூப்பிட்டிருந்தாள். சிறிதரன் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, இயந்திரத்தைப் போட்டார். முதல் படம் விழுந்தது.

"யோகா, மாப்பிள்ளை எப்ப வாறார்? ஒரு படத்திலையும் ஆளைக் காணேல்லையே," என்று ரஞ்சினி இருட்டில் சிரித்தபடி கேட்டாள்.

"அவர் வேறை ஆளைப் பதிஞ்சிட்டார் ரஞ்சினி அக்கா. இது ஸ்ரோன்ஹெஞ்."

வேலையில் டாக்டர்களுக்குப் பரிசோதனை முடிவை வாசித்துச் சொல்லும் அதே குரல். இயந்திரத்தின் காற்றாடி சுற்றியது. கிரிஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்வரிசையிலிருந்து கேதீஸ்வரன் அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"அது சரி தங்கச்சி, புல்லெல்லாம் ஏன் இப்பிடிக் காஞ்சு கிடக்கு? இங்கிலாந்து எண்டால் பச்சை எண்டெல்லோ சொல்லுறவை."

"மழை இல்லை அங்கிள். தண்ணிக்கும் கட்டுப்பாடு."

"அப்ப எங்கடை ஊர் சுன்னாகம் மாதிரி," என்றார் அவர். நாலு பேர் சிரித்தார்கள். மிச்சம் எழுபது படத்தையும் அவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டி முடித்தாள். எந்த இடம் பிடித்தது என்று ஒருவர் கேட்டபோது ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

அம்மா கோண்டாவிலுக்கே வந்துவிடும்படி எழுதினார். யோகராணி போகவில்லை. வேலைக்குப் போனாள், டிராமில் வந்தாள், சமைத்தாள். ஒரு பரீட்சை எழுதிப் பரிசோதனைக்கூடத்தில் மேலாளருக்கு அடுத்த இடத்துக்கு வந்தாள். வேறு இரண்டு சம்பந்தம் வந்தபோது வேண்டாமென்று சாதாரணமாகச் சொன்னாள். யாரும் வற்புறுத்தவில்லை.

1978 நவம்பரில் கிரிஜாவுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை நரசிம்மன் சிட்னியில் இன்ஜினியர். ஸ்பென்சர் தெரு நிலையத்தில் சிட்னி ரயிலுக்குள் கிரிஜாவின் பெட்டிகளை ஏற்றிக்கொடுத்துவிட்டு யோகராணி இறங்கினாள். "போய் லெட்டர் போடறேன்டி," என்று கிரிஜா ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாள். அதற்கு ஓம் என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகை வந்தது. சின்ன அழுகையல்ல, மேடையில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, போகிற வருகிற சனம் விலகி நடக்கும்படி அழுதாள்.

கிரிஜா இறங்கி ஓடிவந்தாள். நரசிம்மன் கதவில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

"ரெண்டு வருஷமா இல்லாம இப்ப என்னடி?"

"தெரியேல்லை," என்று யோகராணி விக்கினாள். "நீ ஏறு. ரெயின் வெளிக்கிடப் போகுது."

ரயில் போன பிறகும் நிறைய நேரம் அங்கே இருந்தாள். பிறகு எழுந்து, குழாயில் முகம் கழுவிக்கொண்டு, வீட்டுக்கு டிராம் பிடித்தாள். ஃபிளாட்டில் அவள் இனித் தனி. நாளை காலை ஏழு மணிக்குப் பரிசோதனைக்கூடத்தில் அவளுடைய வேலை முறை.