மெர்சி ஒட்டிய அம்புகள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிற மெர்சிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. குரல் அதைவிட ஜாஸ்தி. ஆனால் கல்யாணமாகி பேர்ணாம்பட்டுப் பக்கம் போன நாளிலிருந்து அந்தக் குரல் குக்கர் விசிலோடுதான் போட்டி போட்டது. ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் நேரே ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆம்பூர் சர்ச்சில் பாட்டு ஒத்திகைக்கு நின்றுவிட்டால் திரும்பிப் போக பஸ் கிடையாது. பிள்ளைகள் தலையெடுத்ததும் ஒருநாள் "நான் மறுபடியும் பாடப் போறேன்" என்று கிளம்பினாள் பாருங்கள், ஷோரூமிலேயே விலை கூடின எலக்ட்ரிக் பைக்கோடு வாசலில் வந்து நின்றாள்.

"இந்த வயசுல உனக்கு பைக்கா?" என்றார் வீட்டுக்காரர் இன்பராஜ்.

"வயசு எனக்குத்தானே ஆச்சு, வண்டிக்கு இல்லையே!"

அடடா, அந்த ஒரு வருஷம்! ஹெல்மெட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டு ஒத்திகைக்குப் போய்வந்தாள். சந்தோஷத்தில் ஒரு சுற்று பெருத்தும் போனாள்.

கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரம் பார்த்து வண்டி படுத்துவிட்டது. விளக்கு எரிந்தது, சக்கரம் மட்டும் சுற்ற மாட்டேன் என்றது. குட்டி யானை லாரியில் ஏற்றி வேலூர் ஷோரூமில் கொண்டுபோய் விட்டாள். அதோடு சரி. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ஒரு மெஷின் பொம்பளை, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று தேனொழுகச் சொல்லிவிட்டு பாட்டைப் போட்டுவிடுவாள். கம்பெனி ஆப்போ, யாரும் தொட்டே பார்க்காத வண்டிக்கு, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை ஸ்டார் தருவீர்கள்?" என்று கேட்டது. விற்கிற அன்றைக்கு காபி என்ன, மாலை என்ன, போட்டோ என்ன! விற்ற பிறகு ஏனென்று கேட்க நாதியில்லை.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஒத்திகை. ஒருநாள் வராவிட்டாலும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மெர்சிக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு வேலூருக்கு பஸ் ஏறினாள்.

ஷோரூமுக்குப் பின்னால் பழுதான வண்டிகளோடு வண்டியாக அவளுடையதும் தூசி படிந்து கிடந்தது. "பெங்களூர்லேர்ந்து பார்ட் வரணும் மேடம்" என்று மேனேஜர் அன்பரசன் பழைய பல்லவியையே பாடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

செக்கிங் டேபிளில் ஒரு வழக்கம் உண்டு. ஷூவில் எங்கே குறை இருக்கிறதோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரி பண்ணினால்தான் அதை உரிப்பார்கள். மெர்சியின் ஹேண்ட்பேகில் எப்போதும் ஒரு சுருள் கிடக்கும். ஆத்திரத்தில் கை தானாக அதை எடுத்தது. சுற்றாத சக்கரத்துக்கு ஒன்று ஒட்டினாள். மனசு ஆறவில்லை, இன்னும் இரண்டு ஒட்டினாள்.

"இன்னாக்கா, செக்கிங்கா?" என்று சிரித்தார் வாணியம்பாடி தோல் வியாபாரி ஷபீ அஹமது. அவர் வண்டியும் பக்கத்தில்தான் கிடந்தது. "நம்ம வண்டிக்கும் நாலு குடுங்க!"

கொஞ்ச நேரத்தில் அங்கே நின்ற வண்டிகளெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டன. புது வண்டி வாங்க வந்த குடும்பங்கள் எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று விசாரிக்க ஆரம்பித்தன. அன்பரசன் ஓடி வந்தார்.

"மேடம், இப்படி பேஜார் பண்ணா நான் இன்னா செய்வேன்?"

"குறை எங்க இருக்குன்னு காட்டறேன் சார்." அவர் கையிலிருந்த போனிலேயே ஓர் அம்பை ஒட்டினாள். "நீங்களே கஸ்டமர் கேருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்." பாட்டு வந்தது. கேட்டுக் கேட்டு மெர்சிக்கு மனப்பாடமான மெட்டு. சும்மா இருப்பாளா? வாயைத் திறந்து, அங்கேயே வரி கட்டிப் பாடினாள்:

"பார்ட்டு வருமா, பைக்கு ஓடுமா, பெங்களூரு மகராசன் போனை எடுப்பாரா!"

ஷபீ பாய் சீட்டில் தாளம் தட்டினார். பிள்ளைகள் கைதட்டின. மெக்கானிக் ஸ்பேனரை வைத்துவிட்டு விசில் அடித்தான். யாரும் எடுக்காமலே போன் கட்டாகிவிட்டது.

அன்பரசனுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. "எனக்கே எடுக்க மாட்டேங்கறாங்களே! ஆனது ஆகட்டும்." கண்ணாடிக்குள் பளபளவென்று நின்ற புது வண்டியை மெக்கானிக்குக் காட்டினார். "அதுலேர்ந்து கழட்டி அக்கா வண்டில போடு. அடுத்து பாய் வண்டிக்கும் பாரு. மேல கேட்டா நான் பேசிக்கிறேன்."

மறுநாள் ஷிப்ட் இழுத்துக்கொண்டது. சர்ச்சில் ஒத்திகை தொடங்கிவிட்டது. மெர்சியின் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, பேரை அடித்துவிடலாமா என்று பாட்டு வாத்தியார் பேனாவை எடுத்தார். அவள் பாடவேண்டிய வரி வந்தது. வாசலில் வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எலக்ட்ரிக் வண்டிக்கு ஏது சத்தம்? ஆள் உள்ளே வருவதற்கு முன்னால், சுருதி பிசகாமல், குரல் வந்துவிட்டது.