ஊசி கோத்த பிறகுதான் வரைபடம்

மார்ச் ஒன்பதாம் தேதி. காலையிலிருந்தே மேகம் மூடி, மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டை மாற்றிக் கட்டுவதற்காகத் தையல்கார அக்கா அழைத்திருந்த மூன்றாவது கட்டட வடிவமைப்பாளர் அன்றுதான் வந்தார். முன்பு வந்த இருவரும், அக்காவின் கணவர் விரும்பியபடி, முன்னறையைக் கார் நிறுத்தும் இடமாக மாற்றி வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். தையல் இயந்திரமோ இரண்டு வரைபடங்களிலும் பழையபடி சன்னல் இல்லாத பின்னறையிலேயே கிடந்தது. பகலிலும் விளக்கைப் போட்டுத் தைத்துத் தைத்து அக்காவின் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது.

ஆளை நேரில் நிறுத்தி அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்காதவர் அவர். ஆகவே, வந்தவரைப் பின்னறைக்கு அழைத்துச் சென்று இயந்திரத்தின் முன் உட்காரவைத்தார். விளக்கைப் போட்டு, ஊசியையும் கறுப்பு நூலையும் கையில் கொடுத்தார்.

“இதைக் கோத்துக் காட்டுங்க தம்பி. அப்புறம் வரையலாம்.”

“வீடு வரைய வந்தவருக்குத் தையல் வகுப்பா?” என்று கணவர் கேலி செய்தார்.

“நீங்க சும்மா இருங்க. அடுத்தது உங்களுக்குத்தான்.”

வடிவமைப்பாளர் நூல் நுனியை நாவில் நனைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கியும் பார்த்தார். நூல் ஊசியின் காதில் நுழையவே இல்லை. எழுந்து முன்னறைச் சன்னலருகே போய் நின்றதும் கோத்துவிட்டார். அங்கேயே அளவு நாடாவைக் கையில் எடுத்தார்.

“மெஷினை இங்க கொண்டு வந்துடலாம் அக்கா. ஆனா கார் எங்க நிக்கும்?”

“தெருவுல நிக்கும்.”