எதிர் இருக்கையில் ஒரு கைக்குட்டை

மாலையில் கல்யாணிலிருந்து கிளம்பும் லோக்கல் ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைப்பவர் அவர். மாட்டுங்காவில் இறங்குவார், பெயர் கேட்டதில்லை. நரைத்த மீசை, இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. எதிர் இருக்கையில் தன் கைக்குட்டையை விரித்து வைத்திருப்பார். யார் கேட்டாலும், ஆள் வருகிறது என்று இந்தியில் சொல்லிவிடுவார்.

சொந்த ஊரைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் எங்கும் போனதில்லை. சுற்றிப்பார்க்கப் புதுச்சேரி போகப்போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஓவியக் கூடங்கள், சித்திரம் தீட்டிய சுவர்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லி எழுதிக்கொள்ள வைத்தார்.

“எத்தனை பேரு?”

“நான் மட்டுந்தான் சார்.”

“அப்போ ஹோட்டல்ல கடலைப் பார்த்து உக்காராதே. எதிர் நாற்காலி காலியாத் தெரியும். சுவரைப் பார்த்து உக்காந்தா சாப்பாடு இறங்கும்.”

“நீங்க யாரோட போனீங்க சார்?”

“உன் ஸ்டேஷன் சயான் வந்துடுத்து. இறங்குப்பா.”

‘நீங்களும் வாங்களேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூட்டம் என்னை இறக்கிவிட்டது. மறுநாளும் சொல்லவில்லை.

புதுச்சேரியில் கடலைப் பார்த்தே உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் என் கைக்குட்டையை விரித்தேன்.

“ஆள் வர்றாங்களா சார்?” என்றார் பரிமாறுபவர்.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்.