பொன்னுருக்குக்கு ஒரு போர்ட்

தம்பியின் கலியாண எழுத்தை, அதுதான் பதிவுத் திருமணத்தை, இணையத்தில் நேரலையாக விட்டேன். நாதஸ்வரக்காரர் உற்சாகத்தில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். பதிப்புரிமை என்று அந்தத் தளம் ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. அகதி வழக்கு முடியாமல், ஊருக்கு வர வழியில்லாமல் கனடாவில் இருக்கும் அக்கா, தம்பி கையெழுத்துப் போட்டதைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த விசரைச் சொல்லி மாளாது. தாலிக்குப் பொன்னுருக்குவதையாவது அவள் பார்த்தே ஆகவேண்டும். இனி ஒருவரையும் நம்புவதில்லை, கொட்டாஞ்சேனை வீட்டு மடிக்கணினியிலிருந்தே அவளுக்கு நேராக அனுப்புவது என்று இறங்கினேன்.

அதற்கு ஃபயர்வோலில் ஒரு போர்ட் திறக்க வேண்டுமாம்.

"போர்ட்டிலையோ? அங்க உனக்கு ஆரைத் தெரியும்?" என்றார் அம்மா. எங்கள் பக்கத்தில் போர்ட் என்றால் துறைமுகம்தான்.

"ஐயோ அம்மா, இது இன்டர்நெட்டுக்கு இருக்கிற கதவு."

"திறந்து விட்டா கள்ளன் வரமாட்டானே?"

நல்ல கேள்வி. இருந்து வாசித்தேன். உள்ளேயிருந்து போகிறவர்களை ஃபயர்வோல் தடுக்காது. வெளியிலிருந்து புதிதாகத் தட்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த இலக்கக் கதவை அக்கா தட்டினால் மட்டும் இந்தக் கணினிக்குக் கூட்டிவா என்று நான் ஒரு விதி எழுத வேண்டும். எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு இப்படி அறுபத்தையாயிரம் கதவுகளுக்கு மேல் இருக்கிறதாம்! சாப்பிட மறந்து வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சோதித்தபோது அக்காவுக்குப் படம் வந்தது.

பொன்னுருக்கு அன்று கணினியை நிறுத்தி, நகை செய்யும் ஆசாரியார் அடுப்பு வைத்த இடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் போட்டேன். வந்த சொந்தக்காரர் எல்லாரும் முதலில் கேட்டது வைஃபை பாஸ்வேர்ட். அம்மா பலகாரத்தோடு சேர்த்து அதையும் கொடுத்தார்.

கனடாவிலிருந்து அக்கா போன் எடுத்தாள். "ஒண்டும் தெரியேல்லை. கறுப்பாக் கிடக்கு."

ஆசாரியார் பொன் நாணயத்தை நெருப்பில் வைத்துவிட்டார். நல்ல நேரம் எனக்காக நிற்குமா? வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திரும்பப் போட்ட கணினிக்குப் புது முகவரி கிடைத்திருந்தது. அது நின்றிருந்த நேரத்தில் பழைய முகவரி பெரியம்மாவின் போனுக்குப் போய்விட்டது. நான் எழுதிய விதி அக்காவை ஒழுங்காகக் கூட்டிவந்து பெரியம்மாவின் கைப்பைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. என் விதியை நொந்தபடி விதியை மாற்றினேன்.

"தெரியுது! ஐயோ, உருகுது, உருகுது!" அக்கா போனில் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அந்த இணையக் கதவைப் பூட்ட உட்கார்ந்தேன். ஒரு இணைப்பு இன்னும் இருந்தது. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"எல்லாம் முடிஞ்சுதே அக்கா, இன்னும் என்னத்தைப் பாக்கிறாய்?"

"அம்மா காலை இழுத்து இழுத்து நடக்கிறா. எப்ப இருந்து?"

அக்காவோடு போனில் கதைக்கும்போது அம்மா முகத்தை மட்டும்தான் காட்டுவார். காலைப் பற்றி அவளுக்குச் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. "கதவைப் பூட்டப் போறன் அக்கா," என்றேன்.

"பூட்டாதை," என்றாள் அக்கா. "அம்மா தேத்தண்ணி போட இன்னொருக்கா குசினிக்குப் போகட்டும். நான் பாக்கவேணும்."