பன்னிரண்டு புட்டி பிளாக்கரண்ட் சாறு

2013 மே 25, சனிக்கிழமை. ஃபியூன் தீவின் தென்கரைத் திராட்சை வளர்ப்போர் சங்கம், போடில் ஸ்கோவ்கோர் அனுப்பிய சிவப்பு ஒயினைப் போட்டியிலிருந்து நீக்கியது. காரணம், தீர்மானத்தில் எழுதியிருந்தபடியே: “போடிலும் அவர் கணவர் வெர்னரும் பிளாக்கரண்ட் என்னும் கரும்பழச் சாறு கலந்து நிறமேற்றினர்.” சான்றாகக் காட்டப்பட்டது, போடில் தன் கையால் எழுதிய குறிப்பேட்டின் 41ஆம் பக்கம்.

அந்தக் குறிப்பேட்டைச் சங்கத்திடம் கொடுத்தவளும் அவளே. ரோண்டோ என்ற திராட்சை இனம் இலைநோயைத் தாங்கும், இந்தக் குளிரிலும் செப்டம்பருக்குள் பழுத்துவிடும் என்று நூலகப் புத்தகங்களில் தானாகப் படித்தறிந்து தொண்ணூறு கொடிகள் நட்டிருந்தாள். ஐந்தாண்டுகளில் ஒருமுறைகூட மருந்து தெளிக்கவில்லை. அதை மெய்ப்பிக்கவே குறிப்பேட்டை இணைத்தாள். மருந்துப் பத்தியில் வரிக்கு வரி ‘இல்லை’ என்றிருந்தது. அதே பக்கத்தின் அடியில், ‘பிளாக்கரண்ட் சாறு, 12 புட்டி’. சங்கத்தார் அந்த ஒரு வரியை மட்டுமே படித்தார்கள்.

சாறு, பழத்தைத் தின்ன வரும் குளவிகளைப் பொறியில் பிடிக்க வாங்கியது என்று மூன்று கடிதங்கள் எழுதினாள். நகல்கள் நீலக் கோப்பில் இருக்கின்றன. பதில் ஒன்றும் வரவில்லை. இந்த ஊரில் எல்லோரும் குளவிப் பொறியில் பீர்தான் ஊற்றுவார்கள். சாறு ஊற்றுவதாக யார் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

தன் பெயர் கெட்டதைக் காட்டிலும் போடிலை வாட்டியது வேறொன்று. வெர்னர் வியாழக்கிழமைச் சீட்டாட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். “கண்ணு சரியாத் தெரியல” என்றான். அதே கண்ணோடுதான் அவளுடைய பழைய காலுறைகளைக் கத்தரித்து, இளந்தளிர் நோகாமல் ஒவ்வொன்றாகக் கம்பியில் கட்டினான். ஐம்பது வயதுக்கு மேல் மணந்துகொண்டவர்கள் அவர்கள். அவன் பொய் சொல்லும்போது காது சிவப்பது அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 8 அன்று, சங்கத் தலைவரும் அடுத்த வீட்டுக்காரருமான ஆஸ்கெர், ஏணி இரவல் கேட்டுத் தோட்டத்துக்குள் வந்தார். காய்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. வெர்னர் வரிசையின் முனையில் ஒரு புட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“என்னப்பா அது?”

“பிளாக்கரண்ட் சாறு. குளவிக்கு.”

“பீர் ஊத்த வேண்டியதுதானே?”

“குளவிக்குப் பீர் ஊத்த நான் என்ன கிறுக்கனா? அது நான் குடிக்கிறது.”

ஆஸ்கெர் வரிசை வரிசையாக நடந்தார். பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு புட்டி, உள்ளே மிதக்கும் குளவிகள். ஏணியை வாங்கிக்கொண்டு போனார்.

பத்தாம் தேதி அவர்களுடைய செப்புத் திருமணம். மணமாகிப் பன்னிரண்டரை ஆண்டு. விடியுமுன் அக்கம்பக்கத்தார் வாசலில் தழைவளைவு கட்டிப் பாடி எழுப்புவது வழக்கம். அதைக் கட்ட வேண்டியது அடுத்த வீட்டுக்காரர். யாரும் வரமாட்டார்கள் என்றெண்ணியே போடில் படுத்திருந்தாள். பாட்டுச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். செப்புக்குப் பாதி வளைவுதான். முழு வளைவு வெள்ளி விழாவுக்கு மட்டும். வாசலில் முழு வளைவு நின்றது.

“எண்ணத் தெரியாதா ஆஸ்கெர்? இது பாதிதானே நிக்கணும்?”

“ஒரு பாதி கல்யாணத்துக்கு.” அவர் தொப்பியைக் கழற்றினார். “இன்னொரு பாதி... நாங்க உங்க ரெண்டு பேருக்கும் பண்ணினதுக்கு.”

வெர்னர் தோளில் கைபோட்டு அவரை உள்ளே அழைத்துப்போனான். போடில் எல்லோருக்கும் ரொட்டியும் வெண்ணெயும் வைத்து, போட்டியிலிருந்து நீக்கப்பட்ட அந்த ஒயினையே ஊற்றினாள். ஆஸ்கெர் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“வியாழக்கிழமை வந்துடு வெர்னர். நாலாவது ஆளில்லாம ஆட்டமே நடக்கல.”

“கண்ணு...” என்று தொடங்கிய வெர்னர் போடிலைப் பார்த்தான். “வர்றேன்.”

போடில் அவன் கோப்பையை மீண்டும் நிரப்பினாள். பிறகு ஆஸ்கெரிடம் சொன்னாள்: “தழை காஞ்சு போகும். உங்க தீர்மானம் இன்னும் ஃபைல்ல இருக்கு.”

“தெரியும் போடில். லெட்டர் போடு.”

விருந்தினர் போனபின் நான்காவது கடிதத்தை எழுதினாள். நகல் எடுத்தாள். கடைசிப் பத்தி இது:

“மே 25 தீர்மானம் நீக்கப்பட வேண்டும். என் பெயருக்கு முன்பாக, என் கணவர் வெர்னரின் பெயர் அதிலிருந்து அடிக்கப்பட வேண்டும். அவர் குளவிகளுக்குப் புட்டி கட்டியதன்றி வேறெதுவும் செய்யவில்லை. வாய்மொழியாகச் சொன்னதை நன்றியுடன் ஏற்கிறேன். ஆகஸ்ட் 24ஆம் தேதிக்குள், சங்கத்தின் தாளில், கையொப்பத்துடன், எழுத்து மூலமான பதிலைக் கோருகிறேன்.”