சிவப்புப் பிளாஸ்கும் ஒரு ஜப்பான் நாடகமும்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு சிவப்புப் பிளாஸ்க் இருக்கிறது. உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை. மூடியையே கோப்பையாகத் திருப்பிப் பிடித்துக் குடிக்கலாம். அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டில் அரபு எழுத்து பாதி அழிந்துவிட்டது. இன்று அதில் எதை ஊற்றினாலும் சீக்கிரம் ஆறிப்போகிறது. ஆனாலும் வீடு மாறும்போதெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

அது அக்காவின் பிளாஸ்க். பெயர் சொல்லி நாங்கள் அவரைக் கூப்பிட்டதே இல்லை. துபாயின் ஜெபல் அலியில் எங்கள் கிடங்கின் லேபிள் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம். வெளிநாடுகளிலிருந்து வரும் ஷாம்பு, பிஸ்கட் போன்றவற்றின் மீது அரபு லேபிள் ஒட்டி மறுபடி பெட்டியில் அடுக்குவது அந்தப் பிரிவின் வேலை. முழுக்கப் பெண்கள். நான் அவர்களுக்குப் பக்கத்து மேசையில் டெலிவரி தாள்களைத் தயார்செய்யும் கிளார்க். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். அத்தா மௌத்தான பிறகு வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். தங்குவது அல் கூஸில், கம்பெனி கொடுத்த அறையில், அக்காவோடும் இன்னும் சிலரோடும்.

எதையும் காலத்தோடு சேர்த்து நினைவில் வைப்பது என் பழக்கம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் வார விடுமுறை வியாழன்–வெள்ளியிலிருந்து வெள்ளி–சனிக்கு மாறிய 2006ஆம் ஆண்டு அது. எங்களுக்கு அந்த மாற்றத்தால் ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் வெள்ளி மட்டும்தான், அதற்குப் பிறகும் வெள்ளி மட்டும்தான்.

அந்தக் கோடையில் அறைக்கு ஒரு பை நிறைய டிஸ்க் வந்தது. ஊர் திரும்பிய ஒரு ஜப்பானியக் குடும்பம் கழித்துப் போட்டதை, அங்கே வீட்டுவேலை செய்த பெண் எங்கள் அறைத் தோழி ஒருத்தியிடம் கொடுத்திருந்தாள். அவர்கள் ஊர்த் தொலைக்காட்சியிலிருந்து யாரோ பதிவுசெய்த தொடர் நாடகம். நடுவில் சோப்பு விளம்பரம் வரும், புயல் எச்சரிக்கை வரும். படத்துக்குக் கீழே எந்த மொழியிலும் ஒரு வரி வராது. ஓர் அலுவலகம், நீலச் சட்டை போட்ட பெண்கள், வழுக்கைத் தலை அதிகாரி ஒருவர். வெள்ளிக்கிழமைக் காலைகளில் துணி ஊறவைத்துவிட்டு நாங்கள் அதைப் பார்ப்போம். கதை சொல்வது அக்கா. ஜப்பான் பாஷை உங்களுக்கு எப்போது வந்தது என்று தோழி கேலி செய்தாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாமி மருமகள் சண்டைக்கும் மனேஜர்மாரின்ர சேட்டைக்கும் பாஷை என்னத்துக்கு? படத்தைப் பாரும்.”

எங்கள் கிடங்கிலும் ஒரு மேனேஜர் இருந்தார். இவ்வளவு ஆண்டு கழித்தும் எனக்கு ‘அவர்’ என்றுதான் எழுத வருகிறது. அவருடைய கேபின் இரும்புப் படிகளுக்கு மேலே, திரை போட்ட கண்ணாடிக்குப் பின்னால். தாள்களில் கையெழுத்து வாங்க நான் ஏறியாக வேண்டும். முதலில் கதவைச் சாத்தச் சொன்னார், ஏசிக் குளிர் போகிறதாம். பிறகு மேசையைச் சுற்றி வந்து வரியைக் காட்டச் சொன்னார். பிறகு நாற்காலியின் முதுகில் கிடந்த கை என் தோளுக்கு வந்தது. பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டு, விசா ரினியூவல் வருகிறது, என் கையெழுத்து இல்லாமல் அது போகாது, தெரியுமல்லவா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். புகார் சொன்னால் விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. படி இறங்கி வந்து, தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டு உட்காருவேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாடகத்தில் அந்த வழுக்கைத் தலை அதிகாரி ஓர் இளம்பெண்ணைத் தன் அறைக்கு அழைத்தார். சற்றுப் பொறுத்து இன்னொருத்தி தட்டில் தேநீரோடு உள்ளே போனாள். அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

“பாத்தீரே பிள்ளை? அவன் ஒருத்தியைக் கூப்பிடுறான். மற்றவள் விட்டாளோ? தேத்தண்ணியோட பின்னால போறாள். தேத்தண்ணி கொண்டு வாறவளை ஏன் வந்தனீ எண்டு ஆரும் கேக்கேலாது.”

மறுநாள் நான் மேலே போய்க் கதவைச் சாத்திய சிறிது நேரத்தில் கதவு திறந்தது. சிவப்புப் பிளாஸ்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி அக்கா நின்றார். டீ யார் கேட்டது என்றார் மேனேஜர் இந்தியில். தூரத்துக் கப்பல் சரக்கைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போயிருப்பீர்கள் சார் என்று தன் அரைகுறை இந்தியில் அக்கா சொன்னார். எனக்கு வேண்டாம் என்றார் அவர். சரி சார் என்றார் அக்கா. நகரவில்லை. பிளாஸ்கை அணைத்துக்கொண்டு, நான் கையெழுத்து வாங்கி முடிக்கும் வரை சுவரோரம் நின்றார்.

அதன்பிறகு பிளாஸ்க் கை மாறிக்கொண்டே இருந்தது. நான் படியேறினால் பின்னாலேயே யாராவது ஒருத்தி ஏறுவாள். மேனேஜருக்கும் வழி இல்லாமல் போய் அவ்வப்போது குடித்தார். அவர் குடித்த டீயெல்லாம் எங்கள் காவல் டீதான் என்று கீழே கமுக்கமாகச் சிரிப்போம்.

செப்டம்பர் கடைசியில் ரமலான் பிறந்தது. அந்த மாதம் பகலில் யார் முன்னாலும் சாப்பிடவோ குடிக்கவோ அந்நாட்டுச் சட்டம் விடாது; டீ எடுத்துப் போக முடியாது. நான் நோன்பு; மேனேஜர் நோன்பு வைப்பவர் இல்லை என்றாலும் சட்டம் சட்டம்தான். என் விசா ரினியூவல் தாள் அவர் மேசையில் இருந்தது. அன்று என்னைக் கூப்பிட்டவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இனி ஒரு மாதம் சாய் இல்லையே என்றார். நான் தாள்களை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பின்வாங்கினேன்.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா வந்தார். அவருக்குப் பின்னால் என் அறைத் தோழி. அவளுக்கும் பின்னால் லேபிள் பிரிவின் மற்றவர்கள், படிக்கட்டு வரை. ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. மேனேஜர் என்ன வேண்டும் என்று அதட்டினார். அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“ஆஜ் சாய் நஹி, சார். சிர்ஃப் ஹம்.”

இன்று டீ இல்லை, நாங்கள் மட்டும்தான். கீழே லேபிள் ஒட்டும் பெல்ட் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. மேனேஜர் எல்லாத் தாளிலும் கையெழுத்திட்டார், ரினியூவல் உட்பட. மறுநாளிலிருந்து கையெழுத்துப் போட அவரே கீழே இறங்கி என் மேசைக்கு வந்தார். அவரை யாரும் தண்டிக்கவில்லை. வேறு கிடங்குக்கு நல்ல பதவியில்தான் போனார். அங்கிருந்த பெண்களிடம் பிளாஸ்க் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

அக்கா கனடா போகும்போது பிளாஸ்கை எனக்குக் கொடுத்தார்; டிஸ்குகள் தோழியிடமே இருந்துவிட்டன. அந்த நாடகம் எது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பின்னாளில் எனக்குப் பிறந்து, இப்போது சென்னையில் ஜப்பான் மொழி படிக்கும் என் மகள், நான் சொன்ன நீலச் சட்டையையும் வழுக்கைத் தலையையும் வைத்து இணையத்தில் தேடி, சென்ற ஆண்டு அதைப் பிடித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவள், தேநீர்த் தட்டோடு அந்தப் பெண் உள்ளே போகும் இடத்தில் நிறுத்தினாள்.

“உம்மா, இவங்க காப்பாத்தப் போகல. படிச்சிட்டு வந்தும் ஆம்பளைங்களுக்கு டீ ஊத்துற வேலைதானான்னுதான் இவங்களுக்குக் கோவமே. கடைசிப் பாகத்துல ஊத்த மாட்டோம்னு எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க.”

நாங்கள் நாடகத்தைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறோம். அவர்கள் எதைக் கீழே வைக்கப் போராடினார்களோ, அதைத்தான் நாங்கள் கையில் எடுத்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. பிறகு, அக்காவுக்கு அந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்ற புதுக் கேள்வி வந்தது. டொராண்டோவுக்குப் போன் செய்தேன்.

“எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லைப் பிள்ளை. நான் அந்தப் பெட்டையின்ர முகத்தைப் பாத்தன். பக்கத்தில உம்மட முகமும் அப்பிடியே இருந்தது. மிச்சத்தை நானாச் சொன்னன்.” சிரித்தார். “முதல் நாள் பிளாஸ்கில ஒண்டும் இருக்கேல்லை, தெரியுமோ? ஊத்த நேரம் கிடைக்கேல்லை.”

மேனேஜர் கொடு என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன்.

“முடிஞ்சுது சார், இப்ப போட்டுக்கொண்டு வாறன், கைக்கு ஒராள் வேணும் எண்டு உம்மையும் கூட்டிக்கொண்டு இறங்கியிருப்பன்.”

போனை வைத்துவிட்டு மேல்தட்டிலிருந்து பிளாஸ்கை இறக்கினேன். டீ நிரம்பிக் கனக்கிறது, அதனால்தான் அப்படி அணைத்துப் பிடித்திருக்கிறார் என்று இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். கனமே இல்லை.